நான்ஸ்டிக் தோசைக்கல்: ஒட்டுதல், சுருளல், புகைதல், உரிதல் – அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

நான்ஸ்டிக் தோசைக்கல் போய்விட்டது என்று வீடுகளில் சொல்லும்போது, பல நேரங்களில் போயிருப்பது பூச்சு அன்று. பூச்சின்மேல் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு, தேவைக்கு மேல் எரியும் தீ, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றிய மாவு ஆகிய மூன்றில் ஒன்றே பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணமாக இருக்கிறது. இவை மூன்றும் வீட்டிலேயே சரிசெய்யக்கூடியவை. உண்மையாகவே பூச்சு தேய்ந்தோ உரிந்தோ போன கல்லை எந்த வைத்தியமும் மீட்காது. இந்த வேறுபாடு தெரியாமல், வெறும் கல்லைக் காய்ச்சி உப்பு போட்டு வறுப்பது, எண்ணெய் தடவிப் புகைய விடுவது என்று இரும்புக் கல்லைப் பழக்கும் முறைகளை நான்ஸ்டிக் கல்லின்மேல் செய்துபார்த்தால், மிச்சமிருக்கும் பூச்சும் போய்விடும். எனவே எந்த அறிகுறி எந்தக் காரணத்தைச் சுட்டுகிறது என்று பிரித்தறிவதே முதல் வேலை.

அதற்கு முன் இரண்டு செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது வெப்ப வரம்பு. வழக்கமான நான்ஸ்டிக் பூச்சு பாலிடெட்ராஃப்ளூரோஎத்திலீன் என்னும் பொருளால் ஆனது. 1938-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்த இதுவே டெஃப்லான் என்ற வணிகப் பெயரில் எல்லோருக்கும் தெரிந்தது. சமையலில் இதற்குச் சொல்லப்படும் மேல்வரம்பு ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டினால் மெல்லச் சிதையத் தொடங்கி, 350 டிகிரிக்கு மேல் வேகமாகச் சிதைந்து நச்சுப் புகையை விடும். இரண்டாவது, எதுவும் ஒட்டாத இந்தப் பொருள் அலுமினியத்தின்மேல் மட்டும் எப்படி நிற்கிறது என்பது. 1950-களில் பிரெஞ்சுப் பொறியாளர் மார்க் கிரெகுவார் அலுமினியப் பரப்பை அமிலத்தால் அரித்து, அதில் உண்டான நுண்குழிகளுக்குள் பூச்சு பிடித்துக்கொள்ளும்படி செய்தார். 1956-ல் டெஃபால் நிறுவனம் அந்த முறையிலிருந்தே பிறந்தது. இன்றும் சொரசொரப்பாக்கிய உலோகத்தின்மேல் ஓர் அடிப்பூச்சும் அதன்மேல் ஒட்டாத பூச்சும்தான் தரப்படுகின்றன. ஆகவே அந்தப் பிடிப்பு குழிகளைக் கவ்வி நிற்கும் பிடிப்பே. உலோகம் வரை ஒரு கீறல் விழுந்து, அதன் வழியே நீரும் உப்பும் புளிப்பும் உள்ளே இறங்கினால், பிடிப்பு ஓரத்திலிருந்து தளரத் தொடங்கும். பின்வரும் அறிகுறிகளில் பல இந்த இரண்டில் ஒன்றோடு தொடர்புடையவை.

மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வருகிறது

இரும்புக் கல்லில் பழகிய கைக்கு நான்ஸ்டிக்கில் முதலில் வரும் தொல்லை இது. கரண்டியைச் சுழற்றும்போது மாவு கல்லில் தங்காமல் கட்டியாகத் திரண்டு, கரண்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும். நடுவில் ஓட்டையும் ஓரத்தில் தடிப்புமாகத் தோசை நிற்கும். மாவு புளிக்கவில்லை, அரிசி சரியில்லை என்று பழி மாவின்மேல் போகும். காரணம் கல்லின் சூடு. மிகச் சூடான கல்லில் விழுந்த கணத்திலேயே மாவின் அடிப்பகுதி வெந்து இறுகிவிடுகிறது. இரும்புக் கல்லாக இருந்தால் அந்த இறுகிய அடுக்கைப் பிடித்து வைத்திருக்கும். நான்ஸ்டிக் பரப்பில் பிடிப்பே இல்லாததால் வெந்த அடுக்கு முழுவதும் கரண்டி போன பக்கம் வழுக்கிப் போகிறது.

சரிசெய்ய, தீயைச் சிம்மில் வைத்து ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். பிறகு நாலு சொட்டு நீரைத் தெளித்துப் பார்க்கலாம். சொட்டுகள் மெல்லிய சீறலோடு ஓரிரு நொடியில் வற்றினால் கல் தயார். அவை வற்றாமல் உருண்டைகளாகத் திரண்டு கல் முழுவதும் ஓடினால் இன்னும் ஆற வேண்டும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, அந்தச் சிறு தீயிலேயே மாவை ஊற்றி, ஒரு கணம் விட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பரப்ப வேண்டும். கரண்டி மாவின்மேல் மிதந்து போக வேண்டுமே தவிர, கல்லைத் தொடக்கூடாது. அடி தட்டையான கரண்டியோ சிறு கிண்ணமோ இதற்கு ஏற்றது. பரப்பி முடித்த பிறகே தீயைக் கூட்ட வேண்டும்.

மாவு ஊற்றுமுன் கல்லில் எண்ணெய் விடும் பழக்கத்தையும் இங்கே நிறுத்த வேண்டும். இரும்புக் கல்லில் அது தேவை. நான்ஸ்டிக்கில் எண்ணெய்ப் படலத்தின்மேல் ஊற்றிய மாவு நிற்க இடமில்லாமல் நழுவும். முந்தைய தோசையின் எண்ணெய் மிச்சமிருந்தாலும் இதே விளைவுதான் என்பதால், முதல் தோசை நன்றாக வந்து இரண்டாவது தோசை சுருண்டால், துணியால் துடைத்துப் பார்ப்பதே முதல் சோதனை. எண்ணெயைப் பரப்பிய மாவின்மேலும் சுற்றியும் விட்டால் போதும்.

இவ்வளவு செய்தும் சுருண்டால் மாவைப் பார்க்கலாம். ஃபிரிட்ஜில் இருந்த மாவு கெட்டியாக இருக்கும். அரை மணி நேரம் வெளியே வைத்து, இரண்டு மேசைக்கரண்டி நீர் விட்டுக் கலக்கினால் ஓட்டம் வரும்.

முன்பு வழுக்கிய கல் இப்போது ஒட்டுகிறது

கீறலோ உரிதலோ கண்ணுக்குத் தெரியாமல், ஆறு மாதத்துக்கு முன் தானாகக் கழன்று வந்த முட்டை ஆம்லெட் இன்று திருப்பியால் சுரண்டினால்தான் வருகிறது என்றால், கல்லைக் கழுவித் துடைத்து, சன்னல் வெளிச்சத்தில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். கருமை சீராக இல்லாமல், நடுவில் ஒரு வட்டமும் ஓரத்தில் ஒரு வளையமும் பழுப்பேறிய மினுக்கத்தோடு தெரியும். விரல் நுனியால் தடவினால் வழவழப்புக்குப் பதில் இலேசான பிசுபிசுப்பு தட்டும். இதுதான் எண்ணெய்ப் பிசுக்கு. சூட்டில் எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து வார்னிஷ் போல இறுகி உண்டாகும் இந்தப் படலம் இரும்புக் கல்லில் நாம் விரும்பி வளர்ப்பது. நான்ஸ்டிக்கில் அது பூச்சை மூடிவிடுகிறது. சூரியகாந்தி எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவை எளிதில் இவ்வாறு இறுகும். தேங்காய் எண்ணெயிலும் நெய்யிலும் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி என்பதால் அவை குறைவாகவே இறுகும். ஸ்பிரே டப்பாவில் வரும் சமையல் எண்ணெய்களில் லெசித்தின் என்னும் கொழுப்புப் பொருளைச் சேர்ப்பது வழக்கம். அது கல்லில் தங்கிக் கருகிப் பிசுக்காக மாறுவதால், நான்ஸ்டிக்கில் அவற்றை அறவே தவிர்ப்பது நல்லது.

பிசுக்கா, தேய்மானமா என்று உறுதிசெய்ய நீர்ச் சொட்டே போதும். ஆறிய கல்லில் சில சொட்டுகள் விட்டுச் சாய்த்துப் பாருங்கள். நல்ல பூச்சின்மேல் நீர் முத்துமுத்தாக நின்று உருண்டோடும். பிசுக்கு படிந்த இடத்திலும் தேய்ந்த இடத்திலும் அது படர்ந்து தங்கும். எந்த இடங்களில் தங்குகிறது என்று குறித்துக்கொண்டு, கல்லில் விளிம்பு வரை நீர் விட்டு, இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து, சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். தட்டையான தோசைக்கல்லில் நீர் நிற்காது என்றால், சோடாவைப் பசையாகக் குழைத்துப் பூசி, இளஞ்சூட்டில் வைத்து, ஈரம் காயாமல் நனைத்த துணியால் அரை மணி நேரம் மூடி வைக்கலாம். பிறகு மென்மையான ஸ்பாஞ்சும் பாத்திரம் துலக்கும் திரவமும் கொண்டு வட்டமாகத் தேய்த்தால் நுரை பழுப்பாக வரும். நுரை வெளுக்கும்வரை இதைச் செய்ய வேண்டும். பழைய பிசுக்குக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படலாம். கம்பி நார், மணல் கலந்த பொடி, ஸ்பாஞ்சின் பச்சை நிறச் சொரசொரப்புப் பக்கம் மூன்றும் ஆகாது. அந்தப் பச்சைப் பக்கத்தில் உராய்வுத் துகள்கள் இருக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நன்றாகத் துலக்குகிறோம் என்ற நல்ல எண்ணத்தோடேயே பல கற்களின் பூச்சு இப்படித் தேய்ந்துபோகிறது.

துலக்கியபின் மீண்டும் சொட்டு விட்டுப் பாருங்கள். முத்துமுத்தாக உருண்டால் கல் மீண்டுவிட்டது. அதே இடங்களில் இன்னும் படர்ந்தால் பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள்; அதற்கு மேல் செய்ய எதுவும் இல்லை.

மீண்ட கல் மறுபடி பிசுக்கேறாமல் இருக்க, ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். இரும்புக் கல்லைத் துடைத்து மட்டும் வைப்பது போல நான்ஸ்டிக்கையும் துணியால் துடைத்து மாட்டிவிடும் வீடுகளில்தான் இந்தத் தொல்லை விரைவில் வருகிறது. துடைத்த பின் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் எண்ணெய் மறுநாள் காலையில் வெறும் கல் காயும்போது முதலில் இறுகிவிடும்.

நடுவில் கருகுகிறது, ஓரம் வேகவில்லை

கல்லை மேடையில் கவிழ்க்காமல் வைத்து, ஓரத்தை ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் அடி வளைந்திருக்கிறது. ஆடாவிட்டாலும், நடுவில் விட்ட எண்ணெய் ஓரத்துக்கு ஓடினால் நடு மேலே புடைத்து வளைந்திருக்கிறது. காய்ந்த கல்லைக் குழாயடியில் பிடிப்பதும், ஒரு குவளை நீரை அப்படியே ஊற்றுவதும் அலுமினியத்தை ஒரு பக்கம் சட்டென்று சுருங்கச் செய்து இப்படி வளைக்கும். தோசைக்கு இடையே தெளிக்கும் நாலு சொட்டு நீர் தடித்த கல்லை ஒன்றும் செய்யாது. வளைந்த அடியைத் தட்டி நிமிர்த்த முயன்றால் பூச்சு வெடிக்கும். கேஸ் அடுப்பில் கல்லை அவ்வப்போது சுழற்றி ஓரளவு சமாளிக்கலாம். இண்டக்ஷன் அடுப்பிலும் கண்ணாடி மேடை அடுப்பிலும் வளைந்த கல் உதவாது.

ஆடவும் இல்லை, எண்ணெய் ஓரத்துக்கு ஓடவும் இல்லை என்றால் கல்லுக்கும் பர்னருக்கும் பொருத்தமில்லை. 30 செ.மீ. கல்லைச் சிறு பர்னரில் வைத்தால், தீ வளையத்துக்கு நேர் மேலே உள்ள இடம் மட்டும் காயும். தீயைக் கூட்டினால் நடு கருகுமே ஒழிய ஓரம் வேகாது. பெரிய பர்னருக்கு மாற்றுவதும், மாவு ஊற்றுமுன் சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் கல்லை நிதானமாகக் காய விடுவதும் வழி. மெல்லிய தகட்டுக் கல்லில் இந்தத் தொல்லை தீராது, ஏனென்றால் பக்கவாட்டில் வெப்பத்தைக் கொண்டு செல்லப் போதிய உலோகம் அதில் இல்லை.

தோசை வெளுத்தே இருக்கிறது, மொறுமொறுப்பு வரவில்லை

தோசை சிவக்க அதன் அடிப்பரப்பு ஏறத்தாழ 140 டிகிரியைத் தாண்ட வேண்டும். அடியில் ஈரம் இருக்கும்வரை அது 100 டிகிரிக்கு அருகிலேயே நிற்கும். ஆகவே மாவைத் தடிப்பாக ஊற்றினாலும், மூடி போட்டு ஆவியை உள்ளே அடைத்தாலும், தீயைக் கடைசிவரை சிம்மிலேயே விட்டாலும் தோசை வேகுமே தவிரச் சிவக்காது. நான்ஸ்டிக்கில் பெருந்தீ கூடாது என்று சொல்லக் கேட்டவர்கள் அஞ்சி முழு நேரமும் சிறு தீயில் வார்ப்பதால் வரும் குறை இது. அந்த எச்சரிக்கை வெறும் கல்லுக்கு உரியது. மாவு பரப்பிய பிறகு அதிலுள்ள நீர் ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோவதால், நடுத்தரத் தீயில் பூச்சு வரம்பைத் தாண்டுவதில்லை. ஆகவே சிறு தீயில் பரப்பி, நடுத்தரத் தீயில் சிவக்க விட்டு, எடுத்தவுடன் மறுபடி சிறு தீக்கு வருவது என்ற ஒழுங்கைக் கைக்குப் பழக்கிவிட வேண்டும். நான்ஸ்டிக் கல்லின் ஆயுளும் தோசையின் நிறமும் இந்த ஒன்றில்தான் அடங்கியிருக்கின்றன.

மாவில் ஒரு தேக்கரண்டி வெந்தயமும் ஒரு கைப்பிடி கடலைப்பருப்போ அவலோ ஊறவைத்து அரைத்திருந்தால் நிறம் கூடும். சரியாகப் புளிக்காத மாவும் வெளுத்தே நிற்கும்.

என் கருத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். காகிதம் போல மெல்லிய, ஓட்டல் நிறத்தில் சிவந்த தோசை வேண்டுமென்றால் அதற்கு வார்ப்பிரும்புக் கல்லே தகுந்தது. நான்ஸ்டிக்கின் உண்மையான பலம் முட்டையிலும், வெங்காய ஊத்தப்பத்திலும், ஆப்பத்திலும், எண்ணெய் குறைக்க வேண்டிய வீட்டுத் தோசையிலும் இருக்கிறது. சப்பாத்தியை அதில் சுடாமல் இருப்பது நல்லது. சப்பாத்திக்குக் கல் வறண்டு, மிகச் சூடாக இருக்க வேண்டும். ஒன்றை எடுத்து அடுத்ததைத் தேய்க்கும் இடைவெளியில் வெறும் கல் காய்ந்துகொண்டே இருக்கும். மிளகாய், நிலக்கடலை, ரவை ஆகியவற்றை எண்ணெயின்றி வறுப்பதற்கும் இதே காரணத்தால் இரும்பு வாணலியை எடுக்கலாம்.

கல்லிலிருந்து புகையும் நெடியும் வருகிறது

எண்ணெய் விட்ட பிறகு புகைந்தால், அது பெரும்பாலும் எண்ணெயின் புகை. செக்கில் ஆட்டிய எண்ணெய்கள் 180 டிகிரியை ஒட்டியே புகையத் தொடங்கும்; சுத்திகரித்த கடலை எண்ணெய் 230 டிகிரியை நெருங்கும்வரை தாங்கும். சுத்திகரித்த எண்ணெய் புகைகிறது என்றால் பூச்சின் வரம்புக்கு அருகில் வந்துவிட்டோம் என்று கொள்ள வேண்டும். தீயைக் குறைத்தால் போதும்.

எண்ணெயே இல்லாத வெறும் கல்லிலிருந்து பிளாஸ்டிக் கருகும் நெடி வந்தால் அது வேறு. முதலில் கைப்பிடியைப் பாருங்கள். தீ நாக்கு கல்லின் விளிம்பைத் தாண்டிப் பேக்கலைட் கைப்பிடியைத் தொட்டால் அந்த நெடி வரும். கைப்பிடியில் குறை இல்லை என்றால், பூச்சே அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது. அடுப்பை அணைத்து, சன்னல்களைத் திறந்து, எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டுவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டும். கல்லைத் தானாக ஆற விட வேண்டும், நீர் ஊற்றக்கூடாது. இந்தப் புகையை மிகுதியாகச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், குளிர் நடுக்கம், உடல்வலி, நெஞ்சு இறுக்கம் வரலாம். இது பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும் என்றாலும், மூச்சு முட்டினால் மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டில் லவ் பேர்ட்ஸோ கிளியோ வளர்ப்பவர்கள் கூண்டைச் சமையலறையிலோ அதை ஒட்டிய அறையிலோ வைக்கவே கூடாது. பறவைகளின் நுரையீரல் அமைப்பு காற்றிலுள்ள நச்சை மிக விரைவாக ஈர்ப்பதால், மனிதருக்கு நெடி உறைக்கும் முன்பே அவை இறந்துவிடும்.

இண்டக்ஷன் அடுப்பில் இந்த ஆபத்து இன்னும் அருகில் இருக்கிறது. இண்டக்ஷனுக்கு ஏற்ற, ஒரு கிலோ எடையுள்ள அலுமினியக் கல்லை அறைச் சூட்டிலிருந்து 260 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 2,10,000 ஜூல் ஆற்றல் போதும். 1800 வாட் அடுப்பு அதை இரண்டு மூன்று நிமிடங்களில் கொடுத்துவிடும். கல்லை ஏற்றி முழுத் திறனில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனால், திரும்புவதற்குள் வரம்பு கடந்துவிடும். நறுக்குவதையெல்லாம் முடித்த பிறகே கல்லை ஏற்ற வேண்டும். தொடக்கத்தில் 600 முதல் 800 வாட் போதுமானது.

கீறல், கொப்புளம், உரிதல்

மேலோட்டமான கோடுகள் மட்டும், உலோகத்தின் வெள்ளி நிறம் எங்கும் தெரியாமல் இருந்தால், மரக் கரண்டியோ சிலிக்கோன் திருப்பியோ கொண்டு தொடர்ந்து பயன்படுத்தலாம். வெள்ளி நிறம் தெரிந்தாலோ, பூச்சு கொப்புளம் போல எழும்பினாலோ, துலக்கும்போது கருந்துகள்கள் ஸ்பாஞ்சில் வந்தாலோ அந்தக் கல்லின் வேலை முடிந்தது. புளிக்குழம்பையும் தக்காளித் தொக்கையும் நான்ஸ்டிக் வாணலியிலேயே இரவு முழுவதும் வைக்கும் வீடுகளில் கொப்புளம் முதலில் தலைகாட்டும். கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியே உப்பும் புளிப்பும் இறங்கி, அடியில் அலுமினியத்தை அரித்துப் பூச்சைத் தூக்குகின்றன. கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இடையில் ஒரு பருத்தித் துணி அவசியம்.

உரிந்த துகள் வயிற்றுக்குள் போய்விட்டதே என்று அஞ்சுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் துகள் உடலில் கரைவதோ உறிஞ்சப்படுவதோ இல்லை, அப்படியே வெளியேறிவிடும். பரவலாகப் பேசப்படும் புற்றுநோய் அச்சம் பூச்சைப் பற்றியது அன்று. பூச்சைத் தயாரிக்கும்போது முன்பு துணைப்பொருளாகச் சேர்த்த பி.எஃப்.ஓ.ஏ. என்ற வேதிப்பொருளைப் பற்றியது. அமெரிக்காவில் பெரிய உற்பத்தியாளர்கள் 2015-க்குள் அதைக் கைவிட்டார்கள். எளிதில் சிதையாத நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் 2019-ல் அது சேர்க்கப்பட்டது. 2023-ல் உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது. ஆலைகளைச் சுற்றியுள்ள நீரையும் மண்ணையும் அது மாசுபடுத்தியது பெருங்கேடு. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அச்சத்தால் இல்லாவிட்டாலும் உரிந்த கல்லை விலக்க வேண்டும். அது ஒட்டும், மேலும் அரிக்கும், அதிலிருந்து அலுமினியம் புளிப்பான உணவில் சேரும்.

மறுபூச்சு கொடுப்பதாகச் சொல்லும் கடைகளில் என்ன பூச்சு, எந்தச் சூட்டில் பதப்படுத்தப்பட்டது என்று அறிய வழி இல்லை. புதிய கல்லின் விலையில் பாதிக்கு மேல் கேட்டால் யோசிக்கவே தேவையில்லை.

வெள்ளைத் திட்டு, ஆடும் கைப்பிடி, ஏற்காத இண்டக்ஷன்

நீர் கொதித்து வற்றிய இடத்தில் சுண்ணாம்பு போன்ற வெண்திட்டு தெரிந்தால் அது கடின நீரிலுள்ள கால்சியம் உப்பு. ஆழ்துளைக் கிணற்று நீர் பயன்படுத்தும் வீடுகளில் சாதாரணமாக வரும். வினிகரும் நீரும் சம அளவில் விட்டு இரண்டு நிமிடம் சூடாக்கினால் கரைந்துவிடும். உடனே கழுவிவிட வேண்டும். கைப்பிடி ஆடினால், கல் ஆறிய பிறகு திருகை இறுக்கலாம். மரை தேய்ந்து சுற்றிக்கொண்டே இருந்தால், அந்த நிறுவனத்தின் உதிரிக் கைப்பிடியை வாங்கி மாட்டலாம். சூடான எண்ணெயோடு கைப்பிடி கழன்று விழுவது உண்மையான ஆபத்து என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். இண்டக்ஷன் அடுப்பு கல்லை ஏற்காமல் ஒலி எழுப்பினால், அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அது கேஸ் அடுப்புக்கான வெறும் அலுமினியக் கல். எதுவும் செய்ய முடியாது.

புதியது வாங்க நேரும்போது

கடையில் முதலில் கையில் தூக்கிப் பாருங்கள். அடித்தகடு 3 மி.மீ.க்குக் குறைவான கல்லை, எத்தனை அடுக்குப் பூச்சு என்று அட்டையில் எழுதியிருந்தாலும் வாங்க வேண்டாம். வளைவதும் திட்டுத்திட்டாகக் காய்வதும் தகட்டின் மெலிவால் வருவதால், அடுக்குகளின் எண்ணிக்கை அவற்றைத் தடுக்காது. தோசைக்கு 4 மி.மீ. கிடைத்தால் நல்லது. அளவை வீட்டுப் பர்னரைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். நான்கு பேர் வீட்டுக்கு 28 செ.மீ. தோசைக்கல்லும் முட்டைக்கு 20 அல்லது 22 செ.மீ. தவாவும் போதும். பி.எஃப்.ஓ.ஏ. இல்லை என்ற முத்திரைக்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. அது பூச்சில் டெஃப்லான் வகைப் பொருளே இல்லை என்றும் சொல்வதில்லை.

செராமிக் பூச்சுக் கற்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட அந்தப் பூச்சு கூடுதல் சூட்டைத் தாங்கும், நச்சுப் புகை என்ற கவலையும் இல்லை. பறவை வளர்க்கும் வீட்டுக்கு அதையே சொல்வேன். ஆனால் அதன் வழுக்கும் தன்மை டெஃப்லான் வகையைவிட விரைவில் குறைந்துவிடும் என்பதை ஏற்றுக்கொண்டு வாங்க வேண்டும்.

அடி தட்டையாக இருக்கிறதா என்பதை, ஒரு எஃகு அளவுகோலை அடியின் குறுக்கே வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் அறியலாம். நடுவில் மயிரிழை அளவுக்கு உட்குழிவு இருந்தால் குறையில்லை, காய்ந்ததும் அது நேராகும். வெளிப்புறம் புடைத்திருந்தால் அடுத்த கல்லை எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி, ஈரம் போகத் துடைத்து, அரைத் தேக்கரண்டி எண்ணெயைப் பரப்பு முழுவதும் தடவி, உடனே வெள்ளைத் துணியால் அதைத் துடைத்தெடுத்துவிட்டு, சிறு தீயில் முதல் தோசையை ஊற்றலாம்.